வாசலில் நிற்கும் பாலைவன ரோஜா



சென்ற ஷஃபான் மாதத்தில் நமது மதரஸாவின் முன் வராந்தாவுக்கு வெள்ளை அடித்து முடித்தோம். வாசல் வெறுமையாகத் தெரிகிறதே, இரண்டு பூந்தொட்டிகள் வைத்தால் நன்றாக இருக்குமே என்று தோன்றியது. நானே நர்சரிக்குப் போய் இரண்டு அடேனியம் செடிகளை வாங்கி வந்து, பிள்ளைகள் உளூச் செய்யும் குழாய்களுக்குப் பக்கத்தில் வைத்தேன். ஷவ்வாலில் மதரஸா திறந்தபோது இரண்டு செடியிலும் இளஞ்சிவப்புப் பூக்கள். வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை முடிந்து வகுப்பு தொடங்கிய வாரம், ஒரு செடியில் ஆட்டுக் கொம்பு போல இரண்டு காய்கள் தொங்கின. ஓத வந்த ஐந்து வயதுப் பிள்ளை அதைப் பிடுங்கி விளையாடியிருக்கிறது. காம்பிலிருந்து வடிந்த பால் கையில் ஒட்ட, அந்தக் கையாலேயே கண்ணைத் தேய்த்துவிட்டது. ஹஜ்ரத் உடனே குழாயைத் திறந்து கண்ணைக் கழுவிவிட்டார். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "என்ன செடி? பிள்ளை வாயில் வைத்ததா?" என்பது. "அடேனியம்" என்ற பெயரைத் தவிர என்னிடம் வேறு பதில் இல்லை. அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை வாயில் வைக்கவில்லை. இரண்டு நாளில் கண் சிவப்பும் போய்விட்டது.

ஆனால் அன்று மாலை அந்தப் பிள்ளையின் நன்னி என்னிடம் கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. "தம்பி, அது என்ன செடி? ஓதுற பிள்ளைக நிக்கிற இடத்துல எதுக்கு அதைக் கொண்டுவந்து வச்சீங்க?"

நியாயமான கேள்வி. டிரஸ்ட் பணத்தில் வாங்கி, டிரஸ்ட் பொறுப்பில் உள்ள இடத்தில் நான் வைத்த செடி அது. அதைப் பற்றி ஒன்றுமே தெரிந்துகொள்ளாமல் வைத்தேன். நம் மஹல்லாவில் பல வீட்டு மாடியிலும் வாசலிலும் இதே செடி நிற்பதைப் பார்க்கிறேன். அதனால் அந்தத் தாயாருக்குச் சொல்ல வேண்டிய பதிலை எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

எந்த ஊர்ச் செடி?

அடேனியத்தைப் 'பாலைவன ரோஜா' என்று நர்சரிக்காரர்கள் சொல்வார்கள். ரோஜாவுக்கும் இதற்கும் உறவே இல்லை. இது அரளிக் குடும்பத்துச் செடி. நம் ஊர் செவ்வரளி, மஞ்சள் அரளி, நித்திய கல்யாணி எல்லாம் இதன் சொந்தக்காரர்கள்தான். பூவை உற்றுப் பார்த்தால் அரளிப் பூவின் சாயல் தெரியும். கிளையை ஒடித்தால் அரளியைப் போலவே பாலும் வரும்.

சஹாராவுக்குத் தெற்கே செனகல் தொடங்கி சூடான் வரையிலும், கிழக்கு ஆப்பிரிக்காவிலும், அரபு தீபகற்பத்தின் தென்பகுதியிலும் இது தானாகவே வளர்கிறது. யமன் மலைகளிலும், சவூதியின் தென்மேற்கே ஜீசான் பக்கத்து மலைகளிலும், ஓமானில் சலாலாவைச் சுற்றியுள்ள மலைகளிலும் பாறை இடுக்குகளில் இதைக் காணலாம். சலாலாவில் வேலை பார்த்து வந்த நம் சகோதரர்கள் சிலர், இந்தத் தொட்டிச் செடியைப் பார்த்ததும் "இதை அங்கே மலையில் பார்த்திருக்கிறோமே" என்று சொல்வது இதனால்தான்.

யமனுக்குச் சொந்தமான சொகோத்ரா தீவில் இது செடியாக இல்லை, மரமாகவே நிற்கிறது. அடிமரம் பெரிய சாடி போல வீங்கி, உச்சியில் மட்டும் குட்டைக் கிளைகளும் பூக்களுமாக, பாறையின் மேல் யாரோ கொண்டுவந்து வைத்தது போல இருக்கும். அந்தத் தீவிலுள்ள தாவர வகைகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உலகில் வேறெங்கும் இல்லாதவை. 2008-ஆம் ஆண்டு யுனெஸ்கோ அந்தத் தீவுக்கூட்டத்தை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

பெயருக்குப் பின்னால் ஒரு பயணம்

இந்தச் செடியை முதன்முதலில் அறிவியல் முறைப்படி விவரித்து எழுதியவர் பீட்டர் ஃபோர்ஸ்கால். தாவரங்களுக்கு இரட்டைப் பெயர் வைக்கும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸிடம் படித்தவர். 1761-இல் டென்மார்க் அரசர் அரபு நாடுகளை ஆராய ஒரு குழுவை அனுப்பினார். அதில் ஃபோர்ஸ்காலும் ஒருவர். எகிப்து வழியாக யமன் போய்ச் சேர்ந்து, மலை மலையாக ஏறிச் செடிகளைச் சேகரித்தார். அங்குள்ள மக்கள் ஒவ்வொரு செடியையும் அரபியில் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்பதையும் கேட்டு எழுதி வைத்தார். 1763-இல் யமனிலேயே காய்ச்சல் கண்டு இறந்துபோனார். அந்தக் குழுவில் உயிரோடு ஊர் திரும்பியவர் கார்ஸ்டன் நீபூர் ஒருவர் மட்டுமே. அவர்தான் நண்பரின் குறிப்புகளைத் தொகுத்து 1775-இல் நூலாக அச்சேற்றினார்.

ஃபோர்ஸ்கால் இந்தச் செடியை அரளியின் ஒரு வகை என்றே எழுதியிருந்தார். இதற்கு அவர் வைத்த அடைமொழி 'ஒபேசம்'. லத்தீனில் 'பருத்தது' என்று பொருள். பின்னர் 1819-இல் இதை அரளியிலிருந்து பிரித்து 'அடேனியம்' என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். யமனின் ஏடன் நகரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் பெயர் அது. ஆக, நம் வாசல் தொட்டியில் நிற்பது ஏடன் பெயரைத் தாங்கிய அரளி. இந்த ஒரு விஷயம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால், உளூச் செய்யும் இடத்தில் அதை வைத்திருக்க மாட்டேன்.

அடி ஏன் பருத்திருக்கிறது?

மழை வருடத்தில் சில வாரங்கள்தான் பெய்யும். பாறை இடுக்கில் மண்ணும் கைப்பிடி அளவுதான். அப்படிப்பட்ட இடத்தில் உயிர் வாழ, பெய்யும்போது குடித்து உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்ளும் அமைப்பை அல்லாஹ் இதற்குக் கொடுத்திருக்கிறான். பருத்த அடித்தண்டும் வேரும்தான் இதன் தண்ணீர்த் தொட்டி. வறட்சி வந்தால் இலைகளை உதிர்த்துவிட்டு, சேமித்த தண்ணீரில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். இலையில்லாத மொட்டைக் கிளையில் பூ மட்டும் பூத்து நிற்பதும் உண்டு.

சேமித்துச் சேமித்து வாழ்கிற செடி என்பதால் வளர்ச்சி மெதுவானது. விதை போட்டால் ஓரிரு ஆண்டுகளில் பூ வந்துவிடும். ஆனால் பார்த்தவர் நின்று பார்க்கும்படி அடி பருக்கப் பல ஆண்டுகள் ஆகும். அகலமான அடியுள்ள செடிக்கு நர்சரியில் அதிக விலை சொல்வது அந்த ஆண்டுகளுக்கான விலைதான்.

பாலில் என்ன இருக்கிறது?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அரளி விதையை அரைத்துக் குடித்து உயிரை மாய்த்துக்கொண்ட துயரச் செய்திகளை நாம் எல்லோரும் கேள்விப்பட்டிருக்கிறோம். அரளியில் இருக்கும் அதே இனத்து விஷம் அடேனியத்திலும் இருக்கிறது. இலை, தண்டு, வேர், பால், காய், விதை என எல்லாப் பாகத்திலும் உண்டு.

இதயத் தசைகளின் உயிரணுக்களில் சோடியத்தை வெளியேற்றி பொட்டாசியத்தை உள்ளே எடுக்கும் ஓர் இயக்கம் ஓயாமல் நடந்துகொண்டிருக்கிறது. இதயம் ஒழுங்காகத் துடிக்க அது அவசியம். இந்த விஷம் அந்த இயக்கத்தைத் தடுக்கிறது. முதலில் குமட்டல், வாந்தி, வயிற்றுவலி வரும். பிறகு நாடித்துடிப்பு மெதுவாகும், தாறுமாறாகும். அளவு கூடினால் இதயம் நின்றுவிடும்.

இது ஏட்டில் மட்டும் உள்ள எச்சரிக்கை அல்ல. தான்சானியாவின் ஹத்ஸா வேட்டைக்காரர்கள் இந்தச் செடியின் சாற்றைக் காய்ச்சிக் குழம்பாக்கி அம்பு முனையில் பூசுவார்கள். நமீபியாவில் இதன் இன்னொரு வகையை அங்குள்ள வேட்டைச் சமூகத்தார் அதே வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெரிய விலங்கையே சாய்க்கும் நஞ்சு என்றால், பத்துப் பன்னிரண்டு கிலோ எடையுள்ள குழந்தையின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

அதற்காக இதைக் கண்டாலே வெட்டி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. இதே குடும்பத்து நித்திய கல்யாணியிலிருந்துதான் ரத்தப் புற்றுநோய்க்கான மருந்தை எடுக்கிறார்கள். அல்லாஹ் வீணாக எதையும் படைக்கவில்லை. ஆனால் மருந்தாக்குவது ஆய்வுக்கூடத்தில் அளந்து செய்யும் வேலை. ஆப்பிரிக்காவிலும் அரபு நாட்டிலும் அடேனியத்தைப் புண்ணுக்கும் தோல் நோய்க்கும் பூசிய நாட்டு வழக்கங்கள் உண்டு என்று கேட்டுவிட்டு, யாரும் வீட்டில் முயன்று பார்க்க வேண்டாம். வாட்ஸ்அப்பில் யார் அனுப்பினாலும் இதன் இலையையோ வேரையோ கஷாயம் வைக்காதீர்கள். பிறருக்கும் அனுப்பாதீர்கள்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

தவழும் குழந்தையும், கையில் கிடைத்ததை வாயில் வைக்கும் வயதுப் பிள்ளையும் உள்ள வீட்டில், தரையில் இந்தத் தொட்டி வேண்டாம். மாடிச் சுவரின் மேலோ, பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத் தட்டிலோ, காற்றுக்கு விழாதபடி வையுங்கள். அப்படி இடம் இல்லையென்றால், பிள்ளை வளரும்வரை மல்லிகையோ துளசியோ போதும்.

காய் பிடித்தால் முற்றும்வரை விடாதீர்கள். காய் வெடித்தால் இரு முனையிலும் பஞ்சுக் குஞ்சம் வைத்த விதைகள் பறக்கும். அதைப் பிள்ளைகள் பிடித்து விளையாட ஆசைப்படுவார்கள். விதை தேவைப்படுகிறவர்கள் காயைச் சுற்றி நூலால் கட்டியோ சிறிய வலைப் பையைப் போட்டோ வைக்கலாம்.

கவாத்துச் செய்யும்போதும் தொட்டி மாற்றும்போதும் கையுறை போடுங்கள். அதற்குச் சமையலறைக் கத்தியை எடுக்காதீர்கள், தனிக் கத்தி வையுங்கள். வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் முகத்தைத் தொடாதீர்கள்.

வெட்டிய கிளைகளைத் தெருவில் போடாதீர்கள். ஆடு, மாடு தின்றால் அவற்றுக்கும் இதே விஷம்தான். துல்ஹஜ் பிறை பிறந்ததும் பல வீடுகளில் குர்பானி ஆட்டை மாடியில்தான் கட்டுகிறோம். கயிறு எட்டும் தூரத்தில் அடேனியமோ அரளியோ இருக்கிறதா என்று ஆட்டைக் கட்டுவதற்கு முன்பே பாருங்கள். நம்மை நம்பி வந்த வாயில்லாத ஜீவனைப் பற்றியும் நாளை நம்மிடம் கேள்வி உண்டு.

பால் பட்டால், வாயில் வைத்தால்

தோலில் பட்டால் சோப்பும் தண்ணீரும் போட்டு உடனே கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து, சுத்தமான ஓடும் தண்ணீரில் 15 நிமிடமாவது கழுவிவிட்டு டாக்டரிடம் காட்டுங்கள். ஹஜ்ரத் அன்று யோசிக்காமல் செய்த இந்த முதலுதவிதான் பிள்ளையின் கண்ணைக் காத்தது.

வாயில் வைத்திருந்தால் வாயில் மிச்சமிருப்பதைத் துடைத்தெடுத்து, வாயைக் கொப்பளிக்கச் செய்யுங்கள். விரலை விட்டோ உப்புத் தண்ணீர் கொடுத்தோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். பால், மோர், எண்ணெய் என்று கைவைத்தியமும் வேண்டாம். 108-ஐ அழையுங்கள், அல்லது கிடைத்த வண்டியில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். போகும்போது செடியின் ஒரு கிளையைப் பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "அரளிக் குடும்பத்துச் செடி, அடேனியம்" என்று சொல்லுங்கள். டாக்டருக்கு அந்த ஒரு வார்த்தை பெரிய உதவி. பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறது என்று வீட்டிலேயே பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். இதயத்தின் கோளாறு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம்.

வளர்க்க விரும்புகிறவர்களுக்கு

இவ்வளவும் தெரிந்துகொண்டு, பத்திரமான இடமும் இருக்கிறது என்றால் தாராளமாக வளர்க்கலாம். நம் ஊர் வெயிலுக்கு இதைப் போல ஒத்துப்போகும் பூச்செடி குறைவு. தினமும் ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். நிழலில் வைத்தால் கிளை நீளும், பூ வராது.

மண் கலவையில் பாதிக்குப் பாதி மணலோ செங்கல் பொடியோ இருக்கட்டும். மீதிக்குச் செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் போதும். தொட்டியின் அடியில் துளை பெரிதாக இருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றினால் உடனே கீழே இறங்கிவிட வேண்டும். தொட்டிக்கு அடியில் தட்டு வைத்துத் தண்ணீர் தேங்க விடாதீர்கள். செடிக்கும் கெடுதல், டெங்கு கொசுவுக்கும் அது பிறப்பிடம்.

இந்தச் செடி நம் வீடுகளில் சாவது பெரும்பாலும் தாகத்தால் அல்ல, நம்முடைய அதிகப் பிரியத்தால்தான். கோடையில் மேல்மண் காய்ந்த பிறகு ஊற்றினால் போதும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் தொட்டியைக் கூரைக்கு அடியில் நகர்த்திவிடுங்கள். மார்கழிக் குளிரில் இலை உதிர்ந்தால் செத்துவிட்டது என்று நினைத்துக் கூடுதலாக ஊற்றாதீர்கள். அது ஓய்வெடுக்கிறது. வெயில் ஏறியதும் துளிர்க்கும். ஓடும் ஆற்றங்கரையில் உளூச் செய்தாலும் தண்ணீரை விரயம் செய்யக்கூடாது என்று படித்தவர்கள் நாம். தொட்டிக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

அடித்தண்டை விரலால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் நலம். மண் காய்ந்து, தண்டு தளர்ந்திருந்தால் தாகம். மண் ஈரமாக இருந்தும் தண்டு கொழகொழவென்று இருந்தால் அழுகல். உடனே செடியைப் பிடுங்கி, கையுறையோடு அழுகிய பாகத்தை வெள்ளைச் சதை தெரியும்வரை வெட்டி, ஒரு வாரம் நிழலில் காயவிட்டு, உலர்ந்த புதுக் கலவையில் நடுங்கள். பல செடிகள் பிழைத்துவிடும்.

வாங்கும்போது ஒட்டுச் செடியா, விதைச் செடியா என்று கேளுங்கள். அடுக்குப் பூவும் விதவிதமான நிறமும் வேண்டும் என்றால் ஒட்டுச் செடி. ஒட்டுக்குக் கீழே வரும் துளிர்களைக் கிள்ளிவிட வேண்டும். அடி பருத்து வர வேண்டும் என்றால் விதைச் செடிதான் சிறந்தது. கிளையை வெட்டி நட்டு வந்த செடியில் அந்தப் பருமன் அவ்வளவாக வராது.

வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வரும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. அங்கே மலையில் நிற்கும் செடியைப் பிடுங்கிப் பெட்டியில் போட்டு வராதீர்கள். பல ஆண்டுகள் வறட்சியைத் தாங்கி நின்ற செடி அது. மேலும், 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் இல்லாமல் வெளிநாட்டுச் செடியை இந்தியாவுக்குள் கொண்டுவர முடியாது. நம் ஊர் நர்சரியிலேயே விதையில் வளர்ந்த நல்ல செடிகள் கிடைக்கின்றன.

இன்னொன்று. சீன மக்கள் இதைச் செல்வத்தோடு சேர்த்துப் பேசுவதும், புத்தாண்டுக்கு வாங்கி வைப்பதும் உண்டு. அந்த வழியில் நம்மவர்களும் 'அதிர்ஷ்டச் செடி' என்று சொல்லிக் கேட்கிறேன். ரிஜ்க் அல்லாஹ்விடமிருந்து வருகிறது, தொட்டியிலிருந்து வருவதில்லை. அழகுக்காக வையுங்கள், அது போதும்.

நாம் செய்திருப்பது

மதரஸா வாசலிலிருந்த இரண்டு தொட்டிகளையும் எடுத்துவிட்டோம். அலுவலக மாடியில், பூட்டு உள்ள கதவுக்கு அப்பால், "விஷச் செடி, தொடாதீர்" என்று எழுதி வைத்திருக்கிறோம். அவற்றுக்கான விலையை நான் டிரஸ்ட் கணக்கில் திருப்பிக் கட்டிவிட்டேன். உளூச் செய்யும் இடத்தில் இப்போது ஒரு கறிவேப்பிலையும் ஒரு மாதுளையும் நட்டிருக்கிறோம். ஒரு முஸ்லிம் நட்ட மரத்திலிருந்து மனிதனோ பறவையோ விலங்கோ உண்பதெல்லாம் நட்டவருக்குத் தர்மமாகும் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்றுத்தந்திருக்கிறார்கள். பிள்ளைகள் வந்துபோகும் இடத்தில் எதை நடுவது என்று யோசிக்க அந்தப் போதனையே எனக்குப் போதுமானதாக இருந்திருக்க வேண்டும்.

இனி நமது கட்டடங்களில் எந்தச் செடியை வைப்பதற்கு முன்பும், அது என்ன இனம், பிள்ளைகளுக்குத் தீங்கு உண்டா என்று விசாரித்த பிறகே வைப்பது என்று நிர்வாகக் கூட்டத்தில் முடிவு செய்திருக்கிறோம். உங்கள் வீட்டிலும் ஒருமுறை மாடிக்குப் போய், நிற்கும் தொட்டிகளை எண்ணி, ஒவ்வொன்றின் பெயரையும் உங்களால் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாத செடி இருந்தால் ஒரு கிளையைப் படம் பிடித்து அலுவலகத்தில் காட்டுங்கள். விவரம் தெரிந்த விவசாயிகளிடம் கேட்டுச் சொல்கிறோம், இன்ஷா அல்லாஹ்.

அந்தப் பிள்ளை மறுபடியும் ஓத வருகிறது. மாதுளைக் கன்றுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றுவது இப்போது அதன் பொறுப்பு. நம் பிள்ளைகள் அனைவரையும் அல்லாஹ் பாதுகாப்பானாக. ஆமீன்.

வஸ்ஸலாம்.

செயலாளர்